ஏழாம் பாத்தியின் ஒற்றைக்கால்

ஏழாம் பாத்தியில் கால்தடம் விழுந்திருந்தது.

உப்பளத்தில் கால்தடம் விழுவதெல்லாம் ஒரு சேதியா? சேதிதான். அந்தப் பாத்தியில் பதினான்கு நாளாக ஒரு காக்கை கூட இறங்கவில்லை. இறங்கக்கூடாது என்று அளத்து முதலாளி தாணுலிங்கம் அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு. தடங்கள் மொத்தம் பதினொன்று. பதினொன்றும் வலது கால்.

பிச்சம்மாள் பத்து மைல் உள்ளே இருக்கும் புதுக்கோட்டைக் கிராமத்திலிருந்து, கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கி, திரேஸ்புரம் தாண்டி மணலில் நடந்து அளத்துக்கு வந்து சேர்ந்தபோது வரப்பு முழுக்கக் கூட்டம். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டு மூன்று வாரம் ஆகிறது. தூத்துக்குடியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கையில் காசுள்ளவர்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடிவிட்டார்கள். பிச்சம்மாளிடம் இருந்தது இரண்டு பித்தளைப் பானையும் ஒரு குத்துப்போணியும்தான். அவற்றையாவது காப்பாற்றுவோம் என்று முந்தின நாள் அக்காள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஒரு ராத்திரி அங்கே தங்கித் திரும்பியிருந்தாள்.

"என்னளா கூட்டம்? யாரும் விழுந்துட்டாவளா?"

"விழல. நடந்திருக்கான்," என்றாள் பக்கத்து அளத்து இசக்கித்தாய். "ஒத்தக் காலன். மேக்கு வரப்புல எறங்கி நடுப்பாத்தி வரைக்கும் வந்திருக்கான். அதுக்கு மேல தடமே இல்ல. ஆகாசத்துல போயிட்டான்."

"எடது கால எங்க வச்சானாம்?"

"தலையில வச்சிருப்பான். முனிக்கு எதுக்குளா ரெண்டு காலு?"

பிச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். நீர் வற்றி, பாத்தி வெயிலில் மின்னியது. மற்ற இடமெல்லாம் நெல்லிக்காய்ப் பருமனில் கல்கல்லாக, அடியிலிருக்கும் கருங்களிமண் தெரியும் அளவுக்குத் தெளிவாக விளைந்திருந்தது. அதன் நடுவே, சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை வெளேரென்று பதினொரு பாதம். குதிகால், விரல், எல்லாம் தெரிந்தது. 

அவளுக்குப் பயம் முனியைப் பற்றியல்ல. அவள் புருஷன் சுடலைமாடன் கிழக்கு வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பாத்தி போனால் அவர்கள் குடும்பமே போச்சு.

விஷயம் இதுதான். திரேஸ்புரத்தில் கருவாடு போட்டு அடுக்கும் கிட்டங்கி வைத்திருக்கும் ரோச்சுக்குப் பெருங்கல் உப்பு வேண்டும். பொடி உப்பு மீன்மேல் பட்டதும் கரைந்து ஓடிவிடும். பெருங்கல் என்றால் மெல்ல மெல்லக் கசிந்து உள்ளே இறங்கும். வழக்கமான அளத்து வேலையில் பெருங்கல் வராது. நாலு நாளுக்கொரு தரம் பலகையை வைத்து, பாத்தியில் படியும் உப்பு ஏட்டை உடைத்துக் கிளறி, பத்தாம் நாள் வாரிவிடுவார்கள். அப்படிக் கிளறினால்தான் உப்பு தரையோடு ஒட்டாது. பெருங்கல் வேண்டுமானால் கிளறாமல் இருபத்தைந்து நாள் விட வேண்டும். யாரும் விட்டுப் பழக்கமில்லை. தாணுலிங்கம் அண்ணாச்சி சுடலைமாடனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒனக்கும் வயசு ஆவுது. அறுமானேரியிலேர்ந்து எஸ்றா இந்த அளத்தைக் கேக்கான். நீ பெருங்கல்லு எடுத்துக் குடு, இங்கனயே இரு. இல்லன்னா எடத்தை விட்டுக் குடு."

இருப்பது ஓலைக் குடிசை. அதுவும் அளத்துக் குடிசை.

மத்தியானத்துக்குள் ரோச் வந்துவிட்டார். வெள்ளை உடுப்பு, கழுத்தில் சிலுவை, கையில் குடை. வரப்பில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். தடத்திலிருந்து ஒரு கொத்தை எடுத்தார். கல்லை வெயிலில் பிடித்தார், வெளிச்சம் மறுபக்கம் வந்தது. கொத்தை விரலால் நெரித்தார், பொலபொலவென்று உதிர்ந்தது.

"மிதிச்ச எடத்துல கல்லு வெளையல ஓய். வெறும் பொடிதான் வெளைஞ்சிருக்கு," என்றார். தடத்தின் ஓரத்திலிருந்து இன்னொரு கல்லை எடுத்து அதன் மூலையைக் காட்டினார். "இதப் பாரும். மூலை ஒடைஞ்சு, பொறவு வளந்து மூடியிருக்கு. உருவம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒடைஞ்ச எடம் மட்டும் பாலு மாதிரி கலங்கிக் கெடக்கு. இதுவும் கரையும்."

"அந்தத் தடத்த மட்டும் ஒதுக்கிட்டு..." என்று சுடலைமாடன் இழுத்தான்.

"ஒதுக்கி வாருறதுக்குள்ள மத்தக் கல்லுல பாதி ஒடைஞ்சிரும். மாதாவே, நான் கருவாடு போடுறவன். உப்புமா கிண்டுறவன் இல்ல."

அவர் போன பிறகு போலீஸ் ஏட்டு ஜெயசிங் சைக்கிளில் வந்தார். கடற்கரையில் ஒற்றைக் கால் தடம் என்றதும் ஊரில் யாரோ ஜப்பான் உளவாளி பாராசூட்டில் குதித்தான் என்று கிளப்பிவிட்டார்கள். குதித்தவன் எப்படி வரப்போரத்திலிருந்து நடந்து வந்து நடுவில் காணாமல் போவான் என்று யாரும் கேட்கவில்லை. ஜெயசிங் கேட்டார். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்: பதினொரு தடம், வலது, மேற்கு வரப்பு முதல் நடு வரை.

"நேத்து ராத்திரி அளத்துல யாரு இருந்தா?"

"நானும் என் தம்பி மாடக்கண்ணும்," என்றான் சுடலைமாடன்.

"ரெண்டு பேரும் தூங்கினியளா?"

"தூங்காம சிவராத்திரியா ஏட்டையா?"

ஜெயசிங் பிச்சம்மாள் பக்கம் திரும்பினார். "ஒங் கொழுந்தன் ராத்திரி நடமாடுவானா?"

அவள் யோசிக்கவேயில்லை. "அவன் எங்கன ஏட்டையா தூங்குதான்? லாந்தர எடுத்துக்கிட்டு ஓடைக்கு நண்டு பிடிக்கப் போயிருவான். தெனமும்தான்."

அவ்வளவுதான். கடலோரம், ராத்திரி, லாந்தர் வெளிச்சம். யுத்த காலம். மாடக்கண்ணு பாத்தியில் கால் வைக்கவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். ஜெயசிங் பாத்தியைக் காட்டினார்.

"தடம் இருக்கு. நேத்து ராத்திரி நீதான் முழிச்சிருந்த. ஒன் அண்ணனுக்குக் கெடுதல் பண்ண மிதிச்சியோ, கப்பல்காரனுக்கு வெளிச்சம் காட்ட நடந்தியோ, இன்ஸ்பெக்டர் வந்து கேப்பாரு. ஏறுலே."

"எனக்கு ரெண்டு காலு இருக்குல்லா ஏட்டையா!" என்று கத்தினான் மாடக்கண்ணு.

"அதுதான் எனக்கும் வெளங்கல. ஏறு."

சைக்கிளின் பின்கட்டையில் உட்கார்ந்து மாடக்கண்ணு திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். மைனி பிச்சம்மாளைத்தான் பார்த்தான்.

ஏழாம் பாத்தியை வாரிச் சாதாரணக் குவியலில் கொட்டச் சொன்னார் அண்ணாச்சி. எட்டாம் பாத்தியை மிதித்து இறுக்கித் தயாராக வைத்திருந்தார்கள். அதில் புதுத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னார். "இதான் கடைசி. வைகாசி பத்துக்கு ரோச் பாக்க வாரான்."

வீட்டில் சோறு இறங்கவில்லை. கடையில் கிடைத்த அரிசியில் கல் பாதி, புழு பாதி. பிச்சம்மாள் சாளைக் கருவாட்டைச் சுட்டுக் கஞ்சிக்கு வைத்தாள். சுடலைமாடன் கருவாட்டைத் தள்ளினான்.

"நீ எதுக்குளா லாந்தர் கதையச் சொன்ன?"

"கேட்டாரு. சொன்னேன். அதுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் மிதிச்சிருப்பானா?"

"நீரு என்ன நெனைக்கீரு?"

"எனக்கு ஒண்ணும் புரியல," என்றான். "எங்கூடத்தான் படுத்திருந்தான். நண்டும் கொண்டு வரல. மிதிக்காம தடம் எப்படி வரும்?"

மிதிக்காமல் தடம் எப்படி வரும்? அந்தக் கேள்வி கல்லுக் குத்தின மாதிரி அவள் உள்ளங்காலிலேயே நின்றது. ஏற்றம் இறைக்கும்போது நினைத்தாள். தலையில் உப்புக் கூடை ஏற்றும்போது நினைத்தாள். ஒற்றைக் காலன் யாரும் இந்தக் கடற்கரையில் இல்லை. நொண்டிக்கொண்டு வந்தாலும் திரும்பிப் போன தடம் வேண்டும். முனி என்றால், போயும் போயும் தாணுலிங்கம் அண்ணாச்சி அளத்திலா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறாம் பாத்தி வரப்பில் நடந்தவள் சட்டென்று நின்றாள். பாத்திக்குள் ஓர் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு. ஒரு முழ நீளம், பலகையின் விளிம்புபோல நேர்க்கோடு.

பலகை எட்டாத அந்த ஓரத்தை யாரும் கிளறுவதில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை, வாரு பலகையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் கை நழுவி அது பாத்திக்குள் விழுந்தது. எடுத்துவிட்டாள். எடுத்ததும் குனிந்து பார்த்தாள். ஏட்டில் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சுடலைமாடன் திட்டியிருப்பான்.

செவ்வாய்க்கிழமை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை முளைத்திருக்கிறது.

கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். உடைந்த இடத்தில் ஏடு நொறுங்கி, ஒன்று நூறாகியிருக்க வேண்டும். நூறும் நெருக்கிக்கொண்டு வளர்ந்ததால் பொடியாகி வெளுத்துப்போனது. உடையாத இடத்தில் ஒவ்வொன்றும் தனியாக வளர்ந்து பெரிதாகித் தெளிந்தது. முதல் நாலைந்து நாள் எல்லாமே ஒரே வெள்ளை, வித்தியாசம் தெரியாது. சுற்றிலும் கல் தெளியத் தெளியத்தான் தடம் தடமாகத் தெரியும். பத்து நாளுக்கு முன்னால் மிதித்தது நேற்று மிதித்தது போல எழுந்து நிற்கும். இத்தனை வருஷம் கிளறிக் கிளறி வாரின கைகளுக்கு இது எப்படித் தெரியும்?

அப்படியானால் ஏழாம் பாத்தியில் யாரோ மிதித்தது நேற்று முந்தாநாள் இல்லை. தண்ணீர் பாய்ச்சி நாலாம் நாளோ, ஐந்தாம் நாளோ.

நாலாம் நாள் என்ன நடந்தது?

நாலாம் நாள் சங்கு ஊதியது.

நேரங்கெட்ட நேரத்தில் ஊதிய சங்கு. குண்டு வருது, குண்டு வருது என்று அளம் முழுக்க ஓட்டம். வரப்பில் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பிச்சம்மாளுக்கு அப்போது இடது குதிகாலில் உப்புக் கடித்த புண். வேப்பெண்ணெய்த் துணி வைத்து, அதன்மேல் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஊன்ற முடியாது. வரப்பில் கூட்டம். அவள்... அவள் குறுக்கே இறங்கிவிட்டாள். வலது காலை அடித்து ஊன்றி, இடது காலைத் தொட்டும் தொடாமலும் வைத்து, மேற்கு வரப்பிலிருந்து கிழக்கே ஓடினாள். மேற்குப் பாதி மேடு. தண்ணீர் குறைவு, ஏடு பிடித்திருந்தது. கிழக்குப் பாதி பள்ளம். அன்று ஏடே கட்டவில்லை. எது உடையும்?

ஓடினோம் என்பது ஞாபகம் இருந்தது. எங்கே ஓடினோம் என்பது இந்த நிமிஷம் வரை இல்லை.

"நாந்தானா?" என்று சத்தம் போட்டே கேட்டுவிட்டாள். 

அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஜெயசிங் முழுக்கக் கேட்டார், பிறகு சிரித்தார்.

"தடம் தெரிஞ்ச ராத்திரி நீ புதுக்கோட்டையிலல்லா இருந்த? அங்கேருந்து காலை நீட்டினியா?"

"அன்னைக்கு மிதிக்கல ஏட்டையா. அதுக்குப் பத்து நாளைக்கு முந்தி."

"மிதிச்ச தடம் பத்து நாளு ஒளிஞ்சிருந்துட்டு வெளிய வருமாக்கும். கொழுந்தன் மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக சர்க்காருக்குக் காது குத்தாத."

"உப்பு கதை கட்டாது ஏட்டையா."

"நீ கட்டுத."

அவள் நகரவில்லை. அவர் வெற்றிலையைக் குதப்பி முடிக்கும் வரை நின்றாள். கம்பிக்குப் பின்னால் மாடக்கண்ணு முழங்காலில் முகம் புதைத்துக் கிடந்தான். இங்கே என்ன பேச்சு நடக்கிறது என்று அவனுக்குக் கேட்கவில்லை.

"சரி," என்றார் ஜெயசிங் கடைசியில். "இன்ஸ்பெக்டர் வர இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அவரு வந்தா இவனப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பிருவாரு. அதுக்குள்ள என் கண்ணு முன்னால நட. அதே மாதிரி. முளைச்சா விடுதேன்."

"எந்தப் பாத்தியில?"

"அது ஒன் பாடு."

அங்கேதான் சிக்கல். மற்றப் பாத்திகளெல்லாம் கிளறிக் கலங்கினவை. பொடியும் கல்லும் கலந்து கிடந்தன. அதில் மிதித்தால் எது தடம், எது பலகை? புதிதாக ஒரு பாத்தி போட்டுத் தண்ணீர் முற்றுவதற்குள் மாதம் ஓடிவிடும். தொடாத ஏடு ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. எட்டாம் பாத்தி. தண்ணீர் பாய்ச்சி அன்றோடு நாலு நாள். அதுவும் ஏழாம் பாத்தி மாதிரியே மேற்கே மேடு, கிழக்கே பள்ளம்.

சுடலைமாடன் முழுக்கக் கேட்டுக்கொண்டு, எட்டாம் பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு, "ஓரத்துல ரெண்டு மிதி மிதிச்சுக் காட்டப்படாதா?" என்றான்.

"நடு வரைக்கும் வந்த தடம்னு எழுதி வச்சிருக்காரு. ஓரத்துல மிதிச்சா ஆருன்னாலும் மிதிச்சிருக்கலாம்பாரு."

"நீ சொல்லுத மாதிரி முளைக்கலன்னா?"

"அப்போ பாத்தி பொழைச்சிரும். தம்பி போயிருவான்."

"முளைச்சா?"

"தம்பி வந்துருவான். நாம போயிருவோம்."

"என்னளா இது! எந்தப் பக்கம் பாத்தாலும் நாசமாத்தான இருக்கு!" அவன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். "நான் நடக்கட்டா?"

"நீரு நடந்தா ஒம்ம தடம்லா விழும்?" என்று சொன்னவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரிக்கிறோமே என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் உச்சி வெயில். ஜெயசிங் மேற்கு வரப்பில் சைக்கிளைச் சாய்த்து நின்றார். பிச்சம்மாள் இடது காலில் சாக்கைச் சுற்றினாள். புண் ஆறியிருந்தாலும் அதே கட்டு, அதே கனம். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினாள். எட்டாம் பாத்தியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அடியில் பால் ஏடுபோல மெல்லிய வெள்ளை.

"நொண்டு," என்றார் ஏட்டு.

நொண்டினாள். வலது கால் இறங்கும்போதெல்லாம் அப்பளம் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் சுடலைமாடன் கண்ணை மூடினான். அவள் நிற்காமல் கிழக்கு வரப்பு வரை போய் ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்றுமே இல்லை. தண்ணீர் மூடிக்கொண்டது. ஏடு அப்படியே இருப்பதுபோல இருந்தது. யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை என்று சொன்னது பாத்தி.

ஜெயசிங் குனிந்தார், கண்ணைச் சுருக்கினார், வரப்போரமாகவே நடந்து பார்த்தார். "எங்கனளா தடம்?"

"அதத்தான நானும் சொல்லுதேன். இப்போ தெரியாது."

அவர் நோட்டை எடுத்தார். எழுதவில்லை. திரும்பப் பையில் வைத்தார்.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? பிச்சம்மாள் விடிந்ததும் போய்ப் பார்ப்பாள். முளைத்திருக்கக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டே போவாள். முளைக்கவில்லை என்று கண்டதும் ஐயோ என்று நெஞ்சில் கைவைப்பாள். எந்தச் சாமிக்கு எதைக் கேட்பது என்று தெரியாமல், கேட்ட எல்லாவற்றையும் மறுநாள் மாற்றிக் கேட்டாள். அவள் சொன்னதெல்லாம் பைத்தியப் பேச்சாகவும் இருக்கலாம். ஆறாம் பாத்திக் கோடு வேறு எதனாலோ வந்திருக்கலாம். அப்போது ஏழாம் பாத்தியில் நடந்தது யார்?

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி வண்டி கட்டி வந்தார். எட்டாம் பாத்தி ஓரத்தில் நின்று ஒரு சிறு கல்லை எடுத்து வெயிலில் பிடித்தார்.

"கண்ணாடி மாதிரி வருதுலே சுடலை! பொழைச்சிட்ட. எஸ்றாவுக்கு வேண்டாம்னு ஆள் அனுப்பிருதேன்."

சுடலைமாடன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். பிச்சம்மாள்தான் சொன்னாள்.

"ஆள் அனுப்பாண்டாம் அண்ணாச்சி. பத்து நாள் பொறுங்க."

"ஏன்?"

"நான் மிதிச்சிருக்கேன்."

அண்ணாச்சி பாத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுடலைமாடனைப் பார்த்தார். "இவளுக்கு என்னலே? வெயிலா?" என்று கேட்டுவிட்டு வண்டி ஏறினார்.

எட்டாம் நாள் காலையில் முதல் தடம் வந்தது. முழுப் பாதமில்லை, குதிகால் மட்டும். சுற்றியுள்ள கல் தெளிந்து களிமண் இருட்டாகத் தெரிய, அந்தக் குதிகால் மட்டும் வெளுத்துத் துருத்திக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் எண்ணி முடித்தாள். பன்னிரண்டு. இந்தத் தடவை ஒரு தடம் கூடுதல். ஓடவில்லை, நடந்தாள் அல்லவா. எல்லாம் வலது. எல்லாம் மேற்குப் பாதியில். சாக்குக் கால் வந்த சுவடே இல்லை.

சுடலைமாடன் அவள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

"நெசந்தான்ளா," என்றான்.

"நெசந்தான்."

"போச்சு."

"போச்சு."

ஜெயசிங் அன்றே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரப்பில் முட்டி போட்டுப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி ஒரு தடத்தை நெரித்தார், உதிர்ந்தது. பக்கத்துக் கல்லை நெரித்தார், விரல்தான் வலித்தது. "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் இல்லாம இருந்துது," என்று இரண்டு தடவை தனக்கே சொல்லிக்கொண்டார். அப்புறம் சைக்கிளை எடுத்தார்.

அண்ணாச்சிக்குத் தகவல் போயிற்று. அவர் நேரில் வரவில்லை. சொல்லி அனுப்பினார்: ஞாயிற்றுக்கிழமை எஸ்றா வாரான்.

சனிக்கிழமை பொழுது சாய மாடக்கண்ணு வரப்பு வழியாக வந்தான். தாடி முளைத்து, கன்னம் ஒட்டி, வேட்டி அழுக்கேறிக் கிடந்தது. எதற்கு விட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஏட்டு கதவைத் திறந்து போலே என்றார், வந்துவிட்டான். மைனி முகத்தைப் பார்க்காமல்தான் வந்தான். லாந்தர் கதையை அவன் மறந்திருக்கவில்லை.

குடிசை வாசலில் ஓலைப்பாயும் மண்சட்டியும் சாக்கு மூட்டையும் கட்டி வைத்திருந்தது. சுடலைமாடன் கூரையில் செருகியிருந்த வாரு பலகையை உருவிக்கொண்டிருந்தான். மாடக்கண்ணு ஒன்றும் புரியாமல் நின்றான். அப்போதுதான் எட்டாம் பாத்தி அவன் கண்ணில் பட்டது.

"அடப் பாவிகளா!" அவன் குரல் உடைந்தது. பதினைந்து நாள் அடக்கி வைத்த கோபமெல்லாம் அதில் இருந்தது. "இதுலயும் எறங்கிட்டானா? நான்தான் அங்க கெடந்தேனே, இத எவன் மிதிச்சான்? அண்ணே, நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த? பாக்க ஆளில்லயா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்," என்றாள் பிச்சம்மாள். "ஏட்டையாவும்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

"பாத்துக்கிட்டே மிதிக்க விட்டியளா? ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா மைனி?"

 பிச்சம்மாள் மூட்டையைத் தூக்கி அவன் தலையில் ஏற்றினாள். அவன் கோபத்தை மறந்து பழக்கதோஷத்தில் குனிந்து கொடுத்தான். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வரப்பில் முதல் ஆளாக இறங்கி நடந்தாள்.

"வா. புதுக்கோட்டை போய்ச் சேர நேரம் கெடக்கு. நடந்துக்கிட்டே சொல்லுதேன்."